நகர்த்தி வைத்த கார்

கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு நட்டமில்லை. நான் எழுதிப் பழகியவன் அல்ல, கார் ஓட்டுபவன். குடிப்பழக்கம் கிடையாது. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா?" என்று கேட்கிற ஆள். நடந்தது எனக்கு நடந்தது. நேரத்தையும் பாட்டரி சதவீதத்தையும் அப்படியே சொல்கிறேன். சார்ஜ் ஏற்றிய விவரம் ஆப்பில் இன்னும் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன்.

என் பெயர் பிரபாகர். புக்கிட் பாத்தோக்கில் ஒன்பதாம் மாடியில் வீடு. தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன், மின்சார கார். சொந்தமில்லை, வாடகைக்கு எடுத்தது. எடுக்கும்போது எல்லோரும் "சத்தமே இருக்காது, சுகமா ஓட்டலாம்" என்றார்கள். சார்ஜ் போட இடம் கிடைக்காது என்று ஒருவரும் சொல்லவில்லை.

எங்கள் பிளாக்குக்கும் பக்கத்து இரண்டு பிளாக்குகளுக்கும் சேர்த்து ஒரே பலமாடிக் கார்பார்க். அதில் 3A தளத்தில் மட்டும் மூன்று சார்ஜர். மூன்றில் ஒன்று அடிக்கடி படுத்துவிடும். மின்சார கார் வைத்திருப்பவர்கள் பதினாறு பேர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. முதலில் சண்டை வந்தது. பிறகு நாங்களே வாட்ஸ்அப்பில் குழு வைத்து முறை போட்டுக்கொண்டோம். சார்ஜ் முடிந்த பதினைந்து நிமிடத்துக்குள் இறங்கிப் போய்க் காரை நகர்த்த வேண்டும். நடுராத்திரி ஆனாலும் சரி. நகர்த்தாதவன் மானம் மறுநாள் குழுவில் கப்பலேறும்.

எங்கள் வீட்டில் அந்த வேலை மோகனாவுடையது. என் மனைவி. மோகனப்பிரியா என்று முழுப்பெயர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் இரவு ஒன்பது மணிக்கு வந்து சார்ஜரைச் செருகிவிட்டுப் போய்ப் படுப்பேன். மூன்று மணி வாக்கில் சார்ஜ் நிறையும். ஐந்தரைக்கு எனக்கு விமான நிலையச் சவாரி இருக்கும். நடுவில் எழுந்தால் மறுநாள் வண்டியில் தூங்கி விழுவேன் என்று அவளே எழுந்து போவாள். இதற்காகவே நாற்பத்து மூன்று வயதில் ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினாள். அவள் ஓட்டிய மொத்தத் தூரத்தையும் கூட்டினால் சில கிலோமீட்டர்கூட வராது. சார்ஜர் இருக்கும் லாட்டிலிருந்து, அதாவது கார் நிற்கும் கட்டத்திலிருந்து, பக்கத்து லாட். அவ்வளவுதான் அவளுடைய பயணம்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா முருங்கை மரம் ஏறித்தானே ஆகணும்," என்று சொல்லிக்கொண்டே நைட்டிக்கு மேல் என் பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போவாள். கை நீளம் என்று இரண்டு மடிப்பு மடித்து விட்டுக்கொள்வாள். ஆள் குள்ளம். சீட்டை முன்னால் இழுத்தால்தான் கால் எட்டும். திரும்பத் தள்ளி வைக்க மறந்துவிடுவாள். காலையில் நான் ஏறும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். தினமும் கத்துவேன். தினமும் சிரிப்பாள்.

போன ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை விடிகாலை.

முந்தின நாளிலிருந்தே எனக்குக் காய்ச்சல். ஞாயிறு இரவு காரைச் செருகிவிட்டு வந்து விழுந்தேன். தூக்கம் வரவில்லை. மோகனா பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் இரண்டு நாளாகத் தலைவலி. "கோடாலித் தைலம் தடவு, சரியாயிடும்," என்று நான்தான் சொன்னேன். டாக்டரிடம் போவோம் என்று சொல்லவில்லை. இரண்டு மணிக்கு மேல்தான் எனக்குக் கண் அசந்தது. அவள் எப்போது எழுந்து போனாள் என்று தெரியாது.

அவளைப் பார்த்தது ஜாஃபர். அடுத்த பிளாக்கில் இருக்கிறார், மின்சார வேன் ஓட்டிச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவர். சார்ஜ் முறை அவருடையது. 4:35-க்கு வேனோடு 3A தளத்துக்கு ஏறி வந்திருக்கிறார். எங்கள் கார் பக்கத்து லாட்டில் ஒழுங்காக நின்றிருக்கிறது. கேபிள் சுருட்டி மாட்டியிருந்தது. மோகனா சார்ஜருக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து "அண்ணி" என்று இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். உடனே உயிர் போகவில்லையாம். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம்கூட இருந்திருக்கலாம் என்றார் அந்த டாக்டர். நான் கேட்டதற்குத்தான் சொன்னார். கேட்டிருக்கக் கூடாது.

அவள் கையில் போன் இருந்தது. என் போன் என் தலையணைக்குப் பக்கத்தில், சத்தத்தோடு இருந்தது. கூப்பிட்டிருந்தால் ஒரே மணியில் எழுந்திருப்பேன். லிஃப்டில் இறங்கி ஓடினால் நான்கு நிமிடம். அவள் போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஓர் அழைப்புகூட இல்லை. யாருக்கும் இல்லை. அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தவள் ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

இருபத்து நான்கு வருடம் குடும்பம் நடத்தினேன். அவளுக்கு ஆபத்து வந்தபோது கூப்பிட நான் ஒரு ஆளாகத் தோன்றவில்லையா? நான் தினமும் கத்தினேனே, அதனாலா? அவள் படத்துக்கு முன்னால் நின்று கேட்பேன். வண்டியில் தனியாகப் போகும்போது கேட்பேன். ஒரு தடவை பின்னால் பயணி இருப்பதை மறந்து சத்தமாகவே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பயந்து பாதி வழியில் இறங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு 3A தளத்துக்கு நான் போகவில்லை. காரை வேறு கார்பார்க்கில் நிறுத்தினேன். சார்ஜுக்கு ஊர் முழுக்க அலைந்தேன். ஈசூன், காத்தோங், எங்கே பச்சை விளக்கு தெரிகிறதோ அங்கே. எட்டு மாதம் அப்படித்தான் ஓடியது.

ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் தமிழ்ப் புத்தாண்டு.

இரவு 10:40-க்கு ஈசூனிலிருந்து ஒரு குடும்பத்தைச் சிராங்கூன் ரோட்டில் இறக்கினேன். லிட்டில் இந்தியாவே பிதுங்கி வழிந்தது. மாவிலை, வேப்பம்பூ, பூச்சரம் என்று எல்லார் கையிலும் பை. பாட்டரி 17%. மறுநாள் ஐந்து மணிக்கு ஒரு சவாரிக்கு ஒப்புக்கொண்டிருந்தேன். இங்கேயே சார்ஜ் போட்டுவிடலாம் என்று பக்கத்துக் கார்பார்க்கில் நுழைந்தேன்.

நான்கு சார்ஜர். இரண்டு லாட்டில் பெட்ரோல் கார்கள் கூசாமல் நின்றன. மூன்றாவதில் ஒரு வெள்ளைக் கார், 100% நிறைந்து விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் 'அவசரமென்றால் அழையுங்கள்' என்று ஒரு நம்பர். அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. நான்காவது சார்ஜரின் திரை கறுப்பாக இருந்தது.

11:25. ஒரு கடைத்தொகுதி. ஆப்பில் இரண்டு சார்ஜர் காலி என்று காட்டியது. நேரில் போனால் அந்தத் தளத்தையே தடுப்புப் போட்டு மூடியிருந்தார்கள்.

11:50. ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கண்டோ, தனியார் அடுக்குமாடி. காவலர் தமிழர்தான். "இங்க குடியிருக்கிறவங்களுக்கு மட்டும் லா அண்ணே. உங்கள விட்டா நாளைக்கு என் வேலை போயிடும்," என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டரி 11%.

12:08. இன்னொரு கார்பார்க். சார்ஜர் காலியாக இருந்தது, வேலையும் செய்தது. ஆனால் அதற்கு வேறு ஆப் வேண்டுமாம். இறக்கினேன். பெயர், நம்பர், கார்டு எல்லாம் கேட்டது. கொடுத்தேன். 'பிறகு முயலவும்' என்றது. மூன்று தடவை முயன்றேன். காரின் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கைதான் வலித்தது. பாட்டரி 10%.

வீட்டுக்கு வரத்தான் அது போதும். ஆப்பில் எங்கள் 3A தளத்தைப் பார்த்தேன். மூன்றும் சிவப்பு. ஆள் இருக்கிறது. எனக்கு ஒரு பக்கம் ஏமாற்றம், ஒரு பக்கம் நிம்மதி. கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு, சவாரியை ரத்து செய்துவிட்டுப் படுத்துவிடலாம் என்று கிளம்பினேன்.

12:41-க்குக் கார்பார்க்கில் நுழைந்தேன். 5%. கீழே ஓர் இடமில்லை. இரண்டாம் தளத்தில் இல்லை. 3-இல் இல்லை. வேறு வழியில்லாமல் 3A ஏறினேன்.

மூன்று சார்ஜரில் நடுவில் உள்ளது காலியாக இருந்தது.

ஆப்பைப் பார்த்தேன். மூன்றும் சிவப்பு என்றுதான் அப்போதும் காட்டியது. நடு லாட்டுக்கு வலப்பக்கம் அந்தத் தூண். அதற்கு அந்தப் பக்கம் சார்ஜர் இல்லாத இன்னொரு லாட். அதுவும் காலி. பண்டிகைக்கு முந்தின ராத்திரி, கார்பார்க் முழுக்க அடைத்துக் கிடக்கும்போது, அந்த இரண்டு லாட் மட்டும்.

நான் அப்போதே இறங்கிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போக மனம் வரவில்லை என்பதுதான் உண்மை.

செருகினேன். ஏற்றுக்கொண்டது. குழுவில் தகவல் போட்டேன். உடனே ஜாஃபர் பதில் போட்டார். "அண்ணே, 3A-ல நீங்களா? சரி சரி. முடிச்சதும் சொல்லுங்க. எனக்கு அஞ்சு மணிக்கு வேன் வேணும்." 'மூன்றே முக்காலுக்கு எடுத்துவிடுகிறேன்' என்று போட்டேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் நடுவில் எழுந்து வர இப்போது ஆள் இல்லை. பின் சீட்டில் கால்களை மடக்கிப் படுத்தேன். 3:45-க்கு அலாரம் வைத்தேன். சாவி அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. கதவுகளைப் பூட்டினேன்.

எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

'டக்.'

சார்ஜர் நிற்கும் சத்தம். கண் திறந்தேன். முன்னால் திரையில் நேரம் தெரிந்தது. 3:14. பாட்டரி 38%.

முப்பத்தெட்டில் ஏன் நிற்கிறது? நான் முழுதாக ஏற்றத்தானே போட்டேன்... எழுந்து பார்க்கலாம் என்று கையை ஊன்றினேன்.

கை வரவில்லை.

கால் வரவில்லை. கண் மட்டும் அசைந்தது. மூச்சு இருந்தது. மற்றதெல்லாம் வேறு யாருடையதோ போல் கிடந்தது.

வெளியே சத்தம். சரக்... சரக்... ரப்பர் செருப்பு. ஒரு கால் அழுத்தி, ஒரு கால் லேசாக இழுத்து. நான் அந்த நடையோடு இருபத்து நான்கு வருடம் இருந்தவன். எனக்கு வேறு அடையாளம் வேண்டாம்.

கேபிளைப் பிடுங்கும் சத்தம். அதைச் சுருட்டும் சத்தம். ஒன்று... இரண்டு... மூன்று சுற்று. கொக்கியில் மாட்டும் 'டிங்'.

பிறகு அந்த வாசனை வந்தது. கோடாலித் தைலம். கண்ணாடி எல்லாம் மூடியிருந்தது. ஆனாலும் வந்தது.

பூட்டிய கதவு திறந்தது.

முன் சீட்டில் யாரோ உட்கார்ந்தார்கள். கார் லேசாக அமுங்கியது.

'ஸ்ஸ்ர்ர்...' சீட் முன்னால் நகர்ந்தது.

எனக்குத் தெரிந்தது ஒரு கை மட்டும்தான். ஸ்டியரிங்கின் மேல். ஜாக்கெட்டின் கை. இரண்டு மடிப்பு.

பயமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. வியர்வை காதுக்குள் இறங்கியது. பல் கிட்டித்துக்கொண்டது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. மோகனா... திரும்பிப் பார். ஒரே ஒரு தடவை. நான் ஒன்று கேட்க வேண்டும்.

வாயும் வரவில்லை.

கார் நகர்ந்தது. மின்சார கார். சத்தமே இல்லை. கூரையின் குழாய் விளக்கு ஒன்று என் முகத்தின் மேல் வந்து, மெல்லப் போனது. அவள் எப்போதும் அப்படித்தான் ஓட்டுவாள். முட்டை மேல் ஓட்டுவது போல.

நின்றது.

கண்ணாடியைச் சரிசெய்யும் விரல் தெரிந்தது.

உள் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. அதில் இரண்டு கண்கள்...

என்னைத்தான் பார்த்தன.

கோபம் இல்லை. தூங்குகிறவனைப் பார்க்கும் பார்வை. போர்வை விலகியிருக்கிறதா, காய்ச்சல் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பாளே... அந்தப் பார்வை.

கதவு திறந்தது. மூடிய சத்தம் கேட்கவில்லை. அவள் கதவை அடித்துச் சாத்த மாட்டாள், இடுப்பால் மெல்லத் தள்ளுவாள்.

சரக்... சரக்...

நான்கைந்து அடி போயிருப்பாள். நின்றுவிட்டது.

'பிங்... பிங்...' என்று ஏதோ மணி. இயந்திர மணி. பிறகு அவள் குரல்.

ஆம். அவள் குரல்தான். யாருடனோ பேசினாள். வார்த்தை பிடிபடவில்லை. அந்த இழுப்பு மட்டும் கேட்டது.

இன்னொரு குரல் பதில் சொன்னது. பெண் குரல். தகரத்துக்குள்ளிருந்து வருவது போல.

அவள் ஏதோ சொன்னாள். மெதுவாக. கெஞ்சுவது போல.

அமைதி.

பிறகு மூச்சு. ஹ்ஹ்... ஹ்ஹ்...

இடைவெளி விட்டு... ஹ்ஹ்...

எண்ணிக்கொண்டே கிடந்தேன். பதினேழு.

பதினெட்டாவது வரவில்லை.

கை வந்தது. நேரம் 3:31.

கதவைத் திறந்துகொண்டு விழுந்தேன். கார் தூணுக்கு அந்தப் பக்கத்து லாட்டில் நின்றது. கோட்டுக்கு நடுவில், அளந்து வைத்தது போல. கேபிள் மூன்று சுற்றாகச் சுருட்டி மாட்டியிருந்தது. தூணடியில் யாரும் இல்லை. தரையைத் தொட்டுப் பார்த்தேன். சிமெண்ட் தரை சில்லென்றுதான் இருக்கும். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஓர் இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஓவென்று அழுதேன். எட்டு மாதமாகப் படத்திடம் கேட்டதைத் தூணிடம் கேட்டேன். "ஏன்டி என்னைக் கூப்பிடல? ஒரு வார்த்தை... ஒரே ஒரு மணி அடிச்சிருக்கலாமே! மோகனா!" தளம் முழுக்க என் குரல்தான் திரும்பி வந்தது.

3:40-க்கு ஜாஃபரின் வேன் ஏறி வந்தது. விளக்கை அணைத்துவிட்டு இறங்கினார். என்னைத் தூணடியில் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பாவம், அவருக்கு அந்த இடத்தில் அது இரண்டாவது தடவை.

"அண்ணே... என்னண்ணே இது? எந்திரிங்க."

"கார நான் நகர்த்தல ஜாஃபர்."

அவர் காரைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தார். டிரைவர் கதவைத் திறந்து சீட்டைப் பார்த்தார். அது ஸ்டியரிங்கை ஒட்டி முன்னால் கிடந்தது. என் தொடைகூட அதில் நுழையாது.

"வாங்கண்ணே, வீட்டுக்குப் போவோம்," என்றார். அன்று அவர் சார்ஜ் போடவில்லை. என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் மாடி வரைக்கும் வந்தார். நான் கதவைச் சாத்தும் வரைக்கும் வாசலில் நின்றார்.

காரின் உள் கேமராவைப் பார்த்தாயா என்று கேட்பீர்கள். பார்த்தேன். 3:13 வரைக்கும் நான் குறட்டை விடுகிறேன். அடுத்த படம் 3:31. நடுவில் எதுவும் பதிவாகவில்லை. தூக்கத்தில் நீயே எழுந்து நகர்த்தியிருப்பாய் என்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்தச் சீட்டில் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

அன்று மதியமே சார்ஜர் நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். நான் முழுதாக ஏற்றப் போட்டது ஏன் 38%-இல் நின்றது, யார் நிறுத்தியது, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் என் வாய் குழறியதைக் கேட்டு, தமிழில் பேசும் ஆள் இரவில்தான் இருப்பார், அவரே அழைப்பார் என்றார்கள்.

இரவு 9:12-க்கு அழைப்பு வந்தது. "சார், என் பேரு ஷமீமா. ஜோகூர்ல இருந்து பேசறேன்," என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். எந்தக் கார்பார்க், எந்த லாட் என்று கேட்டது. சொன்னேன்.

மறுமுனையில் தட்டிக்கொண்டிருந்த விசைப்பலகை நின்றது.

"ஹலோ?" என்றேன்.

"புக்கிட் பாத்தோக்... 3A, நடு சார்ஜரா சார்?"

"ஆமா."

"சார், இத நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. அந்தச் சார்ஜர்ல ஹெல்ப் பட்டன் இருக்கு. அமுக்கினா எங்களுக்கு வரும். ராத்திரி ஷிஃப்ட்ல தமிழ் பேசறது நான் மட்டும்தான். அதுல ஒரு அம்மா கூப்பிடறாங்க. தெனமும். அதே நேரம்."

"எந்த நேரம்?"

"மூணு இருவது, மூணு இருவத்தஞ்சு இருக்கும். மொத வாரம் ஆள் அனுப்பிப் பாத்தோம் சார். அங்க யாருமே இல்லன்னு சொல்லிட்டாங்க. எங்க சிஸ்டத்துல அப்படி ஒரு கால் வந்ததாவே பதிவு இல்ல. எனக்குப் பைத்தியம்னு நெனச்சிடுவாங்கன்னு இப்ப நான் யார்கிட்டயும் சொல்றது இல்ல. எடுத்துப் பேசிட்டு வெச்சிடுவேன்."

தரையில் உட்கார்ந்தேன். முதல் அழைப்பு எப்போது வந்தது என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னாள். வேலையில் சேர்ந்து அது அவளுக்கு மூன்றாவது நாளாம்.

"ஆகஸ்ட் பத்தொம்பது சார். அது மட்டும்தான் சிஸ்டத்துல இருக்கு."

"என்ன சொல்லுவாங்க?"

"கார நகர்த்தியாச்சும்மா, எனக்கு லேசா தல சுத்துது, இங்கயே கொஞ்சம் ஒக்காந்துக்கறேன், அடுத்து ஒரு தம்பி வருவார், அவர் வந்தா தெரியாம இடிச்சிடப் போறார், அதுக்குத்தான் சொல்றேன்னு சொல்லுவாங்க. நான் பயந்துபோய், 'ரெஜிஸ்டர் பண்ணின நம்பருக்குக் கூப்பிடட்டுமாம்மா'ன்னு கேப்பேன் சார். அது அவங்க வீட்டுக்காரர் நம்பர்."

"அதுக்கு?"

"ஒடனே கெஞ்சுவாங்க. 'வேணாம்மா, காய்ச்சல். இப்பத்தான் கண்ணு அசந்தார். தூங்கட்டும்'பாங்க. நானும் சரின்னு வெச்சிடுவேன். மொத நாளும் அப்படித்தான் சார் வெச்சிட்டேன். அவங்க நல்லாதான் பேசினாங்க. எனக்கு அப்ப தெரியாது சார், அன்னிக்கே எறந்துட்டாங்கன்னு அப்பறம்தான் கேள்விப்பட்டேன்..." அவள் அழ ஆரம்பித்தாள்.

அது என் மனைவி என்று சொல்லிவிட்டு நானும் அழுதேன். முகம் தெரியாத இரண்டு பேர், இரண்டு ஊரில் உட்கார்ந்துகொண்டு அழுதோம். பிறகு நேற்று ராத்திரியும் அழைப்பு வந்ததா என்று கேட்டேன்.

"வந்துச்சு சார். மூணு இருவத்து மூணு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நேத்து மட்டும் கடைசில வேற மாதிரி சொன்னாங்க. எட்டு மாசத்துல இதான் மொத தடவ. வழக்கம்போல, 'வீட்டுக்காரர் நம்பருக்குக் கூப்பிடட்டுமாம்மா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"'வேணாம்மா. அவர் இங்கதான் பின் சீட்ல படுத்திருக்கார். சத்தம் போடாதீங்க'ன்னாங்க."